நாலு நிமிஷ ஞானி

தசரதனுக்கு உட்கார்ந்தபடியே தூங்கத் தெரியும். இதில் என்ன பெருமை, பஸ்ஸில் தூங்காத ஆள் யார் என்று கேட்கலாம். பஸ்ஸில் தூங்குகிறவன் பக்கத்து ஆள் தோளில் சாய்வான், வாயைத் திறப்பான், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் முழித்துக்கொண்டு கண்டக்டரைத் திட்டுவான். தசரதனின் தூக்கம் அந்த ரகம் இல்லை. முதுகு நேராக நிற்கும். தலை ஆடாது. வாய் மூடியே இருக்கும். சரியாக நாலு நிமிஷம். பிறகு முழிப்பான், வேலையைச் செய்வான், மறுபடி நாலு நிமிஷம்.

இந்த வித்தையை அவன் கற்றது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், வைத்தீஸ்வரன் சாரின் பட்டறையில். வண்டிகளுக்கு இரும்பு வளையம் கடைகிற கம்ப்யூட்டர் மிஷின் அங்கே இருந்தது. கதவைத் தள்ளித் திறக்க வேண்டும். கடைந்து முடிந்த வளையத்தை எடுக்க வேண்டும். காற்றுக் குழாயால் தூசியை ஊதிவிட்டு, புது இரும்பை மாட்டி, கதவை இழுத்து மூடி, பச்சைப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அதற்கு மேல் மிஷின் பார்த்துக்கொள்ளும். அது கடைய நாலு நிமிஷம் ஆகும். முடிந்ததும் 'டிங்' என்று ஒரு மணி. ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை இதேதான். ஒரு ராத்திரியில் எத்தனை நாலு நிமிஷம் என்று வகுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் வகுத்துக்கொள்ளலாம். தசரதனுக்குக் கணக்கும் வராது, தெம்பும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அவனுக்கு முப்பத்தொரு வயது. நைட் ஷிப்டில் மூன்றாவது வருஷம்.

பகல் ஷிப்டு இல்லாமல் இல்லை. நைட்டுக்குத் தனி அலவன்ஸ் உண்டு, அதுதான் வினை. தசரதனின் அப்பா ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலத்தை எண்பத்தெட்டிலேயே விற்று மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். பதினாலு வருஷம் கழித்து அதே மண்ணில் எழும்பிய ஒரு மாடி வீட்டின் பின்பக்கத்து அறையில் தசரதன் வாடகைக்கு இருந்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னபோது, "இது எங்க நெலமா இருந்தது சார்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "அப்படியா, சந்தோஷம். ஆணி அடிக்காதீங்க" என்றார் அவர்.

அன்றைக்குப் பிடித்தது இந்தச் சொந்த வீட்டு வியாதி. அது முற்றியது ஜோதிலட்சுமியால். அவள் கோவளத்துக்காரி, கடலுக்குப் போகிற வீட்டுப் பெண். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் ஒரு வருஷம் நின்று, ஒன்றும் பேசாமல் இருந்து, பேச ஆரம்பித்த நாலாம் மாசம் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். மீன் விற்கிற வீட்டிலா பெண் எடுப்பது என்றது இவன் வீடு. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவனுக்கா பெண் கொடுப்பது என்றது அவள் வீடு. பேனாவை மூடும்போது தசரதன் அவளிடம், "அஞ்சு வருஷத்துல உன்னைச் சொந்த வூட்ல குந்த வைக்கிறேன்" என்றான். அவள் தன் பெயரில் 'ட்' போட்டோமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

அந்த 'ம்'முக்காக ஊரப்பாக்கத்தில் அரை கிரவுண்டைத் துரத்த ஆரம்பித்தான். அட்வான்ஸ் சேரும்போதெல்லாம் விலை ஏறியது. இவன் சைக்கிளில் துரத்தினான், நிலம் ரயிலில் போனது.

துரத்தலில் ஒரு சின்ன விஷயம் கைநழுவியது. புருஷனும் பெண்டாட்டியும் சந்திப்பது நின்றுபோனது. அவன் வேலை முடிந்து மேற்குத் தாம்பரத்தில் இறங்கும்போது அவள் கிழக்கிலிருந்து வேலைக்குக் கிளம்பி வருவாள். ரயில்வே மேம்பாலத்தின் மேல், பிளாட்பார வாசனையும் ஜனமும் முட்டி மோதுகிற இடத்தில், கம்பி ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஏழு நிமிஷம் கிடைக்கும். காஸ் வந்ததா, தண்ணீர் பிடித்தாயா, சாம்பார் ஊசிப்போகப் போகிறது முதலில் அதைச் சாப்பிடு, இவ்வளவுதான். அவள் திரும்பி வருவதற்குள் அவன் கிளம்பிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் லீவு. அன்றைக்கு அவன் பன்னிரண்டு மணி வரை கட்டைபோலத் தூங்குவான். எழுந்ததும் மீன் குழம்பு. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆறு மணிக்கு இட்லி மாவு வாங்கப் போவார்கள். இதற்குப் பெயர் குடும்பம் நடத்துவது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது வைத்தீஸ்வரன் சாருக்கு பி.பி. ஏறியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், யாரோ தியானம் என்றார்கள், சார் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பி.பி. இறங்கியதும் மனசு நிறைந்து, தன் தொழிலாளிகளுக்கும் மூன்று நாள் வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம், காலை ஒன்பது மணி. வருகிறவர்களுக்கு அரை நாள் ஓ.டி. சம்பளம்.

"மச்சான், கண்ணை மூடிகினு குந்தறதுக்குக் காசு தராங்கடா" என்றான் துரை. பக்கத்து மிஷின்காரன். "நம்ம தொழிலே அதான."

வகுப்பு எடுக்க வந்தவர் ஹேமநாத். சாப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், முப்பத்தைந்து வயது, கசங்காத கதர் ஜிப்பா. முன்னால் ஒரு சின்ன பித்தளை மணியை வைத்திருந்தார். "ரொம்ப சிம்பிள். கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க. நான் அப்பப்ப மணி அடிப்பேன். அப்ப மட்டும் கண்ணைத் திறக்கலாம்."

இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த இருபத்திரண்டு பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன் குறட்டை விட்டான். ஒருவன் முட்டியைத் தேய்த்தான். துரை ஒரு கொசுவை அடித்து, அது செத்ததா என்று ஒரு கண்ணால் பார்த்தான். தசரதன் முதுகை நேராக வைத்து, கையை மடியில் வைத்து, தூங்கிவிட்டான்.

டிங்.

தசரதனின் கண் திறந்தது. வலது கை மெல்ல எழுந்து காற்றில் எதையோ பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு கையும் முன்னால் போய் எதையோ பக்குவமாக எடுத்து இடப்பக்கம் வைத்தன. விரல் மடங்கியது. இன்னொன்றை எடுத்து உள்ளே வைத்தது. கை பழைய வழியே திரும்பி வந்தது. கடைசியாகக் கட்டைவிரல் வெறுங்காற்றை ஒரு அழுத்து அழுத்தியது. கண் மூடியது.

ஹேமநாத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த தடவை மணி அடித்துவிட்டு இவனையே பார்த்தார். அதே கை, அதே வரிசை, அதே அமைதி. மூன்று நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவரும் வைத்தீஸ்வரனும் தசரதனைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"இந்த முத்திரையெல்லாம் யார்ட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார் ஹேமநாத்.

தசரதனுக்கு எதைக் கேட்கிறார் என்று புரியவில்லை. வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "துரைதான் சார் சொல்லிக் கொடுத்தான்" என்றான்.

இருவரும் துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். துரை காலை நீட்டி நெட்டி முறித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள உட்காரும்போது என்ன அனுபவம்? ஃப்ரீயா சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் தூங்கிட்டேன். கை அதுபாட்டுக்கு மிஷின் வேலையைச் செய்யுது."

ஹேமநாத் வைத்தீஸ்வரனைப் பார்த்தார். "கவனிச்சீங்களா சார்? துளி ஈகோ இல்ல. செயல் நடக்குது, செய்றவன் இல்லைங்கறார்."

"என் கம்பெனியில" என்றார் வைத்தீஸ்வரன். "என் கம்பெனியில இப்படி ஒருத்தர்."

உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாவலூரில், ஒரு அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஹாலில், சாப்ட்வேர் ஆட்களுக்கு ஹேமநாத் வகுப்பு எடுத்தார். அங்கே வந்து மேடையில் உட்கார வேண்டும். பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்தால் போதும், பார்ப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். ஒரு ஞாயிற்றுக்கு அவர் சொன்ன தொகை தசரதனின் ஒரு வார அலவன்ஸைவிட அதிகம்.

அவன் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற இடத்தில் ஊரப்பாக்கம் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மேம்பாலத்தில் ஜோதிலட்சுமியிடம் சொன்னான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தூங்கறதுக்கா துட்டு தராங்க?"

"தூக்கம்னு சொன்னேன் ஜோதி. நம்ப மாட்டேன்றாங்க."

"எந்நாளு?"

"ஞாயித்துக்கெழம."

கீழே பீச் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"வாரத்துக்கு ஒரு நாள் கெடந்துச்சு. அதையும் வித்துட்டியா?"

"ஆறு மாசம். அட்வான்ஸ் கட்டிட்டேன்னா அப்புறம் இன்னா, வூடு நம்மளுது."

"வூடு நான் எப்பய்யா கேட்டேன்?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சொன்னேன். ம்முன்னு சொன்னியே."

"நீ இன்னா சொன்னேன்னே எனக்குக் காதுல வுழல" என்றாள். டிபன் பாக்ஸை அவன் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினாள். அன்றைக்கு ஏழு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் மிச்சம்.

நாவலூர் ஹாலில் ஏ.சி. உண்டு. சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் ஹேமநாத்தின் கார் பட்டறை வாசலுக்கே வரும். வெள்ளை வேட்டியும் சட்டையும் காரிலேயே இருக்கும். மேடையில் ஒரு மெத்தை. அதில் உட்கார்ந்ததும் தசரதன் தூங்குவான். டிங் என்றால் கதவைத் திறப்பான், வளையத்தை எடுப்பான், பச்சைப் பொத்தானை அழுத்துவான். இரண்டாவது வாரமே கீழே இருந்த நாற்பது பேரும் அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். வாரம் முழுக்க அமெரிக்காக்காரனுக்கு உழைத்துவிட்டு வந்த நாற்பது பேர், சம்பளமில்லாமல் வைத்தீஸ்வரனின் மிஷினை ஓட்டினார்கள்.

ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்த துரை கடைசி வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். வெளியே வந்ததும், "மச்சான், அந்தக் கண்ணாடிக்காரன் தூசி ஊதவே இல்லடா. இந்நேரம் வளையம் ரிஜெக்ட்டு" என்றான். தசரதன் சிரித்தான். சிரித்து ரொம்ப நாளானதால் கன்னம் வலித்தது.

அஞ்சலி என்று ஒரு பெண் வருவாள். நல்ல வேலை, இரண்டு பிளாட், மூன்றாவதுக்கு லோன் போட்டிருந்தாள். ஒரு ஞாயிறு எல்லாரும் போன பிறகு மேடை அருகே வந்து நின்றாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணரை வருஷமா சரியா தூக்கமே இல்ல. மாத்திரை போட்டாலும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. இ.எம்.ஐ. ஞாபகம் வருது. என்ன செய்யணும்?"

இவள் ஒருத்திதான் சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்டாள். இரண்டு வீடு வைத்திருக்கிறவளுக்குத் தூக்கம் இல்லை, வீடே இல்லாதவனுக்குத் தூங்க நேரம் இல்லை. "எனக்கு மிஷின் ஓடினா தூக்கம் வந்துரும்மா" என்றான். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இப்படி நான்கு மாசம். ஊரப்பாக்கத்துப் புரோக்கர் போன் செய்து, பக்கத்தில் ஏதோ கம்பெனி வருகிறதாம், ரேட் மாறிவிட்டது என்றார். மேம்பாலத்தில் டிபன் பாக்ஸ் மட்டும் கைமாறியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜோதிலட்சுமி நின்றாள்.

"நான் கோவளத்துக்குப் போறேன். அண்ணன் வரச் சொல்லுது."

"எப்ப வருவ?"

"வரலன்னு சொல்றேன். அங்கேந்தும் சானடோரியத்துக்கு பஸ்ஸு கீது."

"சண்டையா போட்டோம், இன்னாத்துக்கு இப்ப..."

"சண்டை போடக்கூட ஆளு வோணும்ல. அங்க போனா யாராச்சும் ஒருத்தர் முழிச்சிகினு இருப்பாங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. அவள் போய்விட்டாள். சனிக்கிழமை மேம்பாலத்தில் அவள் நிற்கவில்லை. சனிக்கிழமை இரவு, நாலு நிமிஷத்தில் ஒரு நிமிஷம்கூட அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வரலாம் என்று காலை எட்டு மணிக்குப் பட்டறைக் கேட்டைத் தாண்டினான். கார் நின்றது. ஏறிக்கொண்டான்.

மேடையில் உட்கார்ந்ததும் சனியன் பிடித்த உடம்பு தூங்கிவிட்டது.

டிங். கண்ணைத் திறந்தான். கை கதவைத் தள்ளப் போனது. கடைசி வரிசையில் ஒரு துணிப்பை தெரிந்தது. பைக்குப் பக்கத்தில் ஜோதிலட்சுமி.

கனவு என்று நினைத்தான். அவன் தூக்கத்தில் கனவுக்கு நேரம் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

நடந்தது இதுதான். கோவளத்துக்குப் போகிற பஸ் நாவலூர் வழியாகத்தான் போகும். சொல்லாமல் வீட்டை விட்டுப் போவதைக் கல்யாணத்தின்போதே ஒரு தடவை செய்தாகிவிட்டது, இன்னொரு தடவை வேண்டாம், கிளம்பியாச்சு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவோம் என்று இறங்கினாள். வாசலில் நின்றவர்கள் வகுப்பு முடியட்டும் என்று சைகை காட்டி, கையில் ஒரு பாயைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். கம்பெனியில் கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிற வாரம் அது; சனிக்கிழமை மேம்பாலத்தில் அவள் நிற்காததும் விடியும் முன்பே வேலைக்குப் போனதால்தான். ஆறு நாளாகப் பதினாலு மணி நேரம் தைத்திருந்தாள். ஏ.சி. காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான்.

நாற்பது பேரும் கண்ணைத் திறந்து காற்றில் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவளுடைய வலது கால் பாயின் மேல் மெல்ல மிதித்தது. மடியில் இருந்த இரண்டு கையும் ஒரு துணியை நேராகப் பிடித்து முன்னால் தள்ளின. நிறுத்தின. திருப்பின. மறுபடி கால் மிதித்தது.

தசரதன் அவள் தூங்கிப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குகிறவன் அவன், முழித்திருந்து விசிறுகிறவள் அவள். கல்யாணமான புதிதில் பார்த்திருப்பான். அந்த ஜோதிலட்சுமி கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். இவள் தைக்கிறாள். உலகத்தில் தான் ஒருத்தன்தான் களைத்துப்போனவன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காக ஓடுகிறவன் தான் ஒருத்தன்தான், அவளைச் சுகமாக ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் ஓடுகிறோம் என்று நினைத்திருந்தான். அவள் எங்கேயும் உட்கார்ந்திருக்கவில்லை. பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஹேமநாத் இருப்பதாக நம்பி ஏமாந்த ஞானம் அன்றைக்குத்தான் அந்த மேடைக்கு வந்தது. அப்போது அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தசரதன் எழுந்தான். மேடையை விட்டு இறங்கினான். ஆசீர்வாதம் செய்ய வருகிறார் என்று நினைத்து இரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிதித்துக்கொண்டிருந்த அந்தக் காலின் மேல் கையை வைத்தான். கால் இரண்டு தடவை கைக்குள் உதைத்தது, பிறகு நின்றது. அவள் அப்படியே சாய்ந்து அவன் தோளில் விழுந்தாள். வாய் திறந்துகொண்டது.

ஹேமநாத் மணியை எடுத்தார்.

"சார்" என்றான் தசரதன். அந்த ஹாலில் அவன் சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை. "அத்த அடிக்காதீங்க சார். தூங்கறா."

ஹேமநாத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மணியை மடியில் வைத்து, சத்தம் வராமல் அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அஞ்சலி கைப்பையைத் தலைக்கு வைத்துப் பாயில் படுத்தாள். கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்தார். அதற்குப் பிறகு யார் படுத்தார்கள், யார் எழுந்து வீட்டுக்குப் போனார்கள் என்று தசரதன் பார்க்கவில்லை. அவனும் தூங்கிவிட்டான். நாலு நிமிஷம் ஆனது. நாற்பது நிமிஷம் ஆனது. யாரும் எழுப்பவில்லை.

இரண்டு மணிக்கு ஜோதிலட்சுமி முழித்தாள். ஹாலில் பாதிப் பேர் அங்கங்கே கிடந்தார்கள்.

"யோவ், இன்னாய்யா இது, இழவு வூடு மாதிரி கெடக்கறாங்க?"

"தியானம்" என்றான் தசரதன்.

"மணி இன்னா? அண்ணன் தேடிகினு இருக்கும்."

"நானும் வரேன்."

"உன்னை உள்ள வுடாது."

"வெளிய குந்திகினு இருக்கேன். எனக்கு அது வரும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "ஊரப்பாக்கம்?"

"வோணாம் ஜோதி. முடியல."

அவன் மூச்சுவிடாமல் ஓடிய மூன்று வருஷத்தை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. பையை அவன் கையில் கொடுத்தாள்.

கோவளத்தில் அண்ணன் உள்ளே விட்டார், பேசவில்லை, சாப்பாடு போட்டார். திங்கட்கிழமை ஜோதிலட்சுமி ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பவில்லை. "பகல் ஷிப்டு வாங்கிட்டு வந்து கூப்புடு" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் தசரதன் வைத்தீஸ்வரன் முன்னால் நின்றான்.

"டே ஷிப்டா? அலவன்ஸ் போயிடுமேப்பா. கணக்கு பாத்தியா?"

"போவட்டும் சார்."

"நாவலூர்? ஹேமநாத் ரொம்ப அப்செட். ஆனா நேத்துதான் வகுப்பு உச்சத்துக்குப் போச்சுன்னு எல்லாரும் போன் பண்றாங்களாம். நீ வரலேன்னா எப்படி? உன்னை மாதிரி ஆளுக்கு நாங்க எங்க போறது?"

"நம்ம நைட் ஷிப்டுல எவனைக் கூப்டுனு போனாலும் இந்த மாதிரியே குந்துவான் சார்" என்றான் தசரதன். அவன் கிண்டல் செய்யவில்லை. வைத்தீஸ்வரன் பேப்பர்வெயிட்டை உருட்டினார். பி.பி. மாத்திரையைத் தேடினார்.

பகல் ஷிப்டு கிடைக்க ஒன்றரை மாசம் ஆனது. கோவளத்துக்குப் போன் செய்தான். ஜோதிலட்சுமி வேலையிலிருந்து நேராக ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஓ.டி., வரும்போது பத்து மணி. அவன் சோறு வடித்து வைத்திருந்தான், கொஞ்சம் குழைந்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஏழு நிமிஷத்துக்குள் பேசி முடிக்க வேண்டியது எதுவும் இல்லை. அதனாலேயே என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"அப்புறம்?" என்றாள் அவள்.

"அப்புறம் இன்னா" என்றான் அவன்.

ரசம் ஊற்றிக்கொண்டார்கள்.